சட்டி எண்ணெய் யாருக்குச் சொந்தம்

மாதா துணை

கடலூர் முதுநகர்,
ஜூன் 5.

ஷாலினி அப்பாவுக்கு இன்னாசிமேரி எழுதிக்கொண்டது. நானும் பிள்ளையும் சௌக்கியம். உங்கள் முட்டிவலி எந்த அளவில் இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லவும். போனில் கேட்டால் ஒன்றுமில்லை என்கிறீர்கள். பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது யார்தான் முட்டியைப் பற்றிப் பேசுவார்கள். அதனால்தான் கடிதம். செம்மண்டலம் கார்த்திகேசன் லீவு முடிந்து ஏழாம் தேதி உங்கள் ரிக்குக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் கொடுத்து அனுப்புகிறேன். ஊறுகாய் மூன்று மாதம் வரவேண்டும். மெஸ்ஸில் இருக்கிற எல்லாருக்கும் தாராளம் காட்ட வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் சென்னையிலிருந்து ஒரு கம்பெனியார் நம் பழைய எண்ணெய்க் குடோனுக்கு வந்தார்கள். வடை, பஜ்ஜி சுட்டு மிஞ்சுகிற பழைய எண்ணெயைச் சேர்த்து, அதிலிருந்து விமானத்துக்கு எரிபொருள் செய்கிற ஆலைக்கு அனுப்புகிறவர்கள். நீங்கள் நடுக்கடலில் பூமியைத் தோண்டி எண்ணெய் எடுக்கிறவர்களுக்குச் சோறு போடுகிறீர்கள். இங்கே நான் பஜ்ஜிச் சட்டியிலிருந்து விமான எண்ணெய் எடுக்கப் போகிறேன். சிரிக்க வேண்டாம். நானும் முதலில் சிரித்தேன்.

வந்த அதிகாரியின் பெயர் எழிலரசி. நம் ஷாலினியை விட ஏழெட்டு வயது மூத்தவள். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். வேண்டாம் என்று காலி டின்னைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டு ஒரு மணி நேரம் விளக்கினாள். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அந்த எரிபொருள் சாதாரண விமான எரிபொருளைப் போல இரண்டு மூன்று மடங்கு விலை. விலை இறங்க வேண்டுமானால் ஆலைகள் பெரிதாக ஓடவேண்டும். ஆலை ஓடவேண்டுமானால் மாதம் தவறாமல் எண்ணெய் வரவேண்டும். எங்களைப் போன்றவர்கள் ஒரு மாதம் பத்து டன் கொடுப்போம், மறுமாதம் இரண்டு டன்னைக் கொடுத்துவிட்டுக் கையை விரிப்போம். அதை நம்பி எவன் பணம் போடுவான். இந்தியாவிலிருந்து வெளிநாடு போகிற விமானங்களில் நூற்றுக்கு ஒரு பங்கு இதைக் கலக்க வேண்டும் என்று அரசாங்கம் 2027-க்கு இலக்கு வைத்திருக்கிறதாம். ஆகவே வாங்க ஆள் இருக்கிறது. தவறாமல் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

அதனால் அவர்கள் ஒரு பரீட்சை வைக்கிறார்கள். ஜூன் முதல் நவம்பர் வரை ஆறு லோடு. மாதாமாதம் பதினைந்தாம் தேதி லாரி வரும். எட்டு டன் நிற்கவேண்டும். ஒரு மாதம்கூடக் குறையக்கூடாது. ஒவ்வொரு டின்னும் எந்தக் கடையில் எந்தத் தேதியில் எடுத்தது என்று கடை முத்திரையோடு சீட்டு வேண்டும். ஆறும் சரியாகப் போனால் மூன்று வருட ஒப்பந்தம். இந்த விலைக்குக் கீழே இறங்க மாட்டோம் என்று எழுதியே கொடுப்பார்கள்.

இப்போது நன்றாகக் கவனியுங்கள். அந்த மூன்று வருட ஒப்பந்தம் கைக்கு வந்தால் இந்த வீடு நடக்க உங்கள் ரிக் சம்பளம் வேண்டியதில்லை. டிசம்பர் கடைசியில் உங்கள் கம்பெனி அடுத்த இரண்டு வருடத்துக்கான காகிதத்தை நீட்டும். வழக்கம் போல முதல் ஆளாகப் போய்க் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். என்னிடமிருந்து தகவல் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். "இதுதான் கடைசி" என்று நீங்கள் சொல்லிப் பதினாலு வருடத்தில் ஏழு தடவை கேட்டாயிற்று.

கோயில் காலண்டர், தினசரிக் காலண்டர் இரண்டையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, எந்த மாதம் எண்ணெய் வரும், எந்த மாதம் வற்றும் என்று நானும் ஷாலினியும் குறித்துவிட்டோம். மீன்பிடித் தடை இந்தப் பதினாலோடு முடிகிறது, பிறகு மீன் வறுவல் கடைகள் எழுந்துகொள்ளும். ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரத்தில் கூட்டம். ஆகஸ்டு கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள், வழியெல்லாம் கடை. புரட்டாசியில் கோழியும் மீனும் படுத்துவிடும். ஐப்பசி மழைக்குப் பஜ்ஜி, அதோடு தீபாவளி. பங்குத்தந்தை காலண்டரைப் பார்த்துவிட்டு, மேரிக்கு எல்லா மதப் பண்டிகையும் கட்டாயம் அனுசரிக்கிற கடன் திருநாள் ஆகிவிட்டதே என்றார். ஆமாம் சாமி, எங்கே அடுப்பு எரிந்தாலும் எனக்குத் திருநாள்தான் என்றேன்.

கடைக்காரர்கள் சும்மா கொடுப்பார்களா. லிட்டருக்கு இரண்டு ரூபாய் ஏற்றியிருக்கிறேன். அதற்கு மேல், மாதத்தில் ஐம்பது லிட்டர் தாண்டிக் கொடுக்கிற கடைக்கு ஓர் எவர்சில்வர் அண்டா. அளவுக்குப் பரிசு வைக்காதே அம்மா, அது எங்கேயோ போய் இடிக்கும் என்று ஷாலினி சொன்னாள். கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிற பிள்ளைக்கு அண்டாவின் அருமை தெரியுமா. கிள்ளைப் பக்கம் முழுவதையும் உங்கள் தம்பி ஆண்ட்ரூவிடம் விட்டிருக்கிறேன். "அண்ணி, பாருங்க, கிள்ளைய வச்சே ஒங்க லாரிய ரொப்புறேன்" என்று போயிருக்கிறார். சிதம்பரம்தான் இழுக்கிறது. நீங்கள் பலகார மாஸ்டராக இருந்த மேல வீதிக் கடை முதலாளியைக்கூடப் போய்ப் பார்த்தேன். மரியாதையாகக் காப்பி கொடுத்தார். எங்கள் கடையில் எண்ணெய் மிஞ்சுவதே கிடையாது என்று அனுப்பிவிட்டார். நாள் முழுக்க நாலு அடுப்பில் ஜாங்கிரியும் காராசேவும் போடுகிற கடையில் எண்ணெய் எங்கே போகிறதோ.

பழைய இரும்புக்காரர் நம் டிவிஎஸ் ஐம்பது வண்டியை மறுபடியும் கேட்டு வந்தார். விலை படியவில்லை என்று அனுப்பிவிட்டேன். இது மூன்றாவது தடவை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். மாதா உங்கள் முட்டிகளைக் காப்பாற்றட்டும்.

இன்னாசிமேரி

•

மாதா துணை

முதுநகர்,
செப்டம்பர் 6.

ஷாலினி அப்பாவுக்கு,

பிள்ளை நலம், நான் நலம், வியாபாரத்துக்குத்தான் காய்ச்சல். மூன்று லோடு ஒரு குறையும் இல்லாமல் போய்ச் சேர்ந்ததைப் போன வாரம் போனில் சொன்னேன். அதற்குள் சந்தோஷப்பட்டுவிட்டேன் போலிருக்கிறது. இதைப் போனில் சொல்லாததற்குக் காரணம், இது உங்கள் தம்பி விஷயம். வரிசையில் நிற்கிறவர்கள் காதில் விழவேண்டாம் என்று கார்த்திகேசன் கையில் தருகிறேன்.

ஆகஸ்டுப் பதினைந்துக்குப் பிறகு கிள்ளையிலிருந்து எண்ணெய் பெருகியது. ஆண்ட்ரூ வண்டி ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து இறக்கியது. வேளாங்கண்ணிக் கூட்டம் போகிற நேரம், வந்திருக்கும் என்று நானும் இருந்துவிட்டேன். முந்தாநாள் ஷாலினி சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டே வந்தவள், அம்மா, பக்கிரி கடை என்ன கடை என்று கேட்டாள். டீக்கடை. பன் பட்டர் ஜாம் தவிர அங்கே எதுவும் கிடையாது, அது ஊருக்கே தெரியும். அந்தக் கடையிலிருந்து மூன்று வாரத்தில் அறுநூறு லிட்டர் பழைய எண்ணெய் வந்ததாகச் சீட்டு.

குடோனுக்குப் போய்க் கிள்ளைப் பேரலைத் திறந்தேன். கிள்ளை எண்ணெய் என்றால் மூடியைத் திறந்ததும் நெத்திலி மீனும் சென்னாகூனி இறாலும் மூஞ்சியில் அடிக்கவேண்டும். ஒரு வாசனையும் இல்லை. அடியில் மண்டியும் இல்லை. பெண் பார்க்க வந்தவர்களுக்கு எடுத்து வைத்த மாதிரி மஞ்சளாக, சுத்தமாக இருக்கிறது. நீங்கள் இருந்தால் மூடியைத் திறக்காமலே சொல்லியிருப்பீர்கள்.

ஷாலினியோடு நேராகக் கிள்ளைக்குப் போனேன். நடந்தது இதுதான். ரேஷன் கடையில் அட்டைக்கு ஒரு பாக்கெட் பாமாயில் கொடுக்கிறார்கள் அல்லவா, அதன் விலையைப் போல இரண்டு மடங்கு நான் பழைய எண்ணெய்க்குக் கொடுக்கிறேன். பக்கிரி மூளையை ஓட்டியிருக்கிறான். கிள்ளை மட்டுமில்லை, சுற்றுப்பட்டு ஊர்களிலும் சொல்லிவைத்து, வேண்டாதவர்களின் பாக்கெட்டையெல்லாம் வாங்கிச் சட்டியில் ஊற்றிச் சூடு காட்டி என்னிடம் தள்ளியிருக்கிறான். தன் சீட்டில் மட்டும் போட்டால் தெரிந்துவிடும் என்று பக்கத்துக் கடைகளின் சீட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் ஏற்றியிருக்கிறான். கேட்டால் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. "நாலு அப்பளம் பொரிச்சிட்டேன்க்கா. அப்ப அது பழைய எண்ணெயிதானே" என்கிறான். பின்னால் அலமாரியில் என் எவர்சில்வர் அண்டா ஒன்பது அடுக்கியிருக்கிறது. ஒவ்வொரு கடை பெயருக்கும் ஒன்று வாங்கியிருக்கிறான்.

கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த இடத்தில் நான் இருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன். அளவுக்குப் பரிசு வைத்தவள் நான். காரில் திரும்பி வரும்போது ஷாலினி கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அது உங்கள் பழக்கம்.

ஆண்ட்ரூவுக்கு இது தெரிந்திருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அளவு கூடியதில் தலைகால் புரியாமல் இருந்தார். எண்ணெய் எண்ணெய்தானே அண்ணி, எரியத்தானே போகுது என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். சமையலுக்கு ஆகாத கழிவிலிருந்து செய்தால்தான் அந்த எரிபொருளுக்கு மதிப்பு, அதற்குத்தான் சலுகை. புது எண்ணெயை எரிக்கக் கொடுத்தால் எங்கேயோ காட்டை வெட்டி எண்ணெய்ப் பனை வைப்பான். அதைவிட, இல்லாதவன் வீட்டுச் சமையலுக்கு அரசாங்கம் குறைத்துக் கொடுக்கிற எண்ணெய், நான் வைத்த விலையால் ஆகாயத்துக்குப் போகிறது. எனக்கே அது பிடிக்கவில்லை. அண்டாக்களை நீங்களே திரும்ப வாங்கி வாருங்கள் என்று ஆண்ட்ரூவிடம் சொன்னேன். போயிருக்கிறார். இரண்டு நாளாகச் சாப்பிட இங்கே வரவில்லை. நீங்கள் போனில் அவரைத் திட்ட வேண்டாம். நான் திட்டியது இரண்டு பேருக்கும் சேர்த்துப் போதும்.

கிள்ளைப் பேரல் எட்டு. ஒன்றரை டன். நல்ல வேளை, பெரிய டாங்கில் கலக்கவில்லை. உங்களிடம் மறைப்பானேன், அரை நாள் யோசித்தேன். சீட்டு இருக்கிறது, முத்திரை இருக்கிறது, கறுத்த எண்ணெய் கொஞ்சம் ஊற்றிக் கலக்கிவிட்டால் எவனுக்கும் தெரியாது. அனுப்பினால் எட்டு டன் நிற்கும். ஒதுக்கினால் ஆறரைதான், ஒப்பந்தமும் போகும். உங்கள் டிசம்பரும் போகும். அந்தக் கணக்குதான் அரை நாள் எடுத்தது.

பிறகு எழிலரசிக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். நல்லவள் என்பதால் சொல்லவில்லை. பதினாறு வருடமாகக் காலி டின்னில் ஆரம்பித்து வந்திருக்கிறேன், கலப்படக்காரி என்று ஒரு தடவை பேர் விழுந்தால் அப்புறம் என் டின்னைக்கூட எவனும் வாங்க மாட்டான். அவள் முழுவதையும் கேட்டுக் குறித்துக்கொண்டாள். பிறகு, எட்டுப் பேரலையும் தனியாக வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள், முந்தைய மூன்று லோடு சீட்டையும் சோதித்துக்கொள்கிறேன் என்றாள். பதினைந்தாம் தேதி எட்டு டன் என்பது மட்டும் மாறாது என்றாள்.

இன்றைக்கு ஆறு. ஒன்பது நாளில் ஒன்றரை டன். கடலூர்ப் பக்கம் துடைத்து எடுத்தாயிற்று. மிச்சம் இருப்பது சிதம்பரம்தான். அங்கே முதலாளிகள் எல்லாரும் ஒரே பாட்டைப் படிக்கிறார்கள், எண்ணெய் மிஞ்சவில்லை என்று. ஒன்பது வருடம் அங்கே சட்டி முன்னால் நின்றவர் நீங்கள். அந்த எண்ணெய் எங்கேதான் போகிறது. தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல்லுங்கள்.

ஜெபத்தில் நினைத்துக்கொள்ளவும். எனக்காக வேண்டாம், லாரிக்காக.

இன்னாசிமேரி

•

மாதா துணை

முதுநகர்,
டிசம்பர் 6.

என் அன்புள்ள ஷாலினி அப்பாவுக்கு,

செப்டம்பரில் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல் செவ்வாய்க்கிழமையே கூப்பிட்டீர்கள். பதினாலு வருடத்தில் கிழமை மாறி உங்கள் போன் வந்தது அதுதான் முதல் தடவை. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று ஓடிப்போய் எடுத்தேன். நீங்கள் சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை.

"மொதலாளிய ஏன் கேக்குற மேரி? சட்டி எண்ணெயி மாஸ்டருது. மாஸ்டரப் போயி கேளு."

இதைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்ததைத் துண்டு துண்டாகப் போனில் கேட்டீர்கள். இப்போது முழுதாக எழுதுகிறேன். ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன், கடைசி வரை படிக்கவும்.

மறுநாளே ஷாலினியோடு சிதம்பரம் போனேன். மேல வீதிக் கடை வாசலுக்குப் போகாமல் பின்பக்கம், பலகாரம் போடுகிற பட்டறைச் சந்தில் போய் நின்றோம். அந்த நாளில் உங்களோடு வேலை பார்த்த கொளஞ்சியப்பன் மாஸ்டர் ஜாங்கிரி சுற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு இப்போது அறுபத்தைந்து இருக்கும், கை மட்டும் நிற்கவில்லை. யார் என்று சொன்னேன். துணியைப் பிழிந்தபடியே பார்த்தார். "ஆரோக்கியம் வூட்டுக்காரியா நீ? இத்தினி நாளா மொதலாளிங்க கிட்ட போயி காப்பி குடிச்சிகினு கெடந்தியாமே" என்றார். சந்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அங்கே எல்லாம் விளங்கிவிட்டது. நாலு வீதியிலும் வழக்கம் அதுதானாம். சட்டியில் கடைசியாகத் தங்குகிற எண்ணெய் மாஸ்டருடைய பங்கு. சம்பளத்தில் சேராது, முதலாளி கேட்கவும் மாட்டார், அதைப் பற்றி வாயைத் திறக்கவும் மாட்டார். சாயந்தரம் மாஸ்டர் அதைத் தள்ளுவண்டி பஜ்ஜிக் கடைகளுக்குக் கொடுத்துவிடுவார். முதலாளிகள் என்னிடம் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு மிஞ்சுவதில்லைதான். கறுத்த எண்ணெயில் மறுபடி பஜ்ஜி போட்டு ஊரே நெஞ்செரிச்சலோடு படுப்பதும் அதனால்தான்.

மாஸ்டருக்குக் காசு கொடுத்தால் எண்ணெய் வரும். ஆனால் சீட்டில் கடை முத்திரை வேண்டும், முத்திரை முதலாளியிடம் இருக்கிறது. அவருக்கு இதில் என்ன லாபம். அங்கே ஷாலினிதான் வழி சொன்னாள். கடைக்கு வேண்டிய புது எண்ணெய் டின்னை மொத்த விலைக்கு நாமே போடுவது. சீட்டில் முத்திரை போட்டுக் கொடுக்கிற முதலாளிக்கு டின்னில் தள்ளுபடி. எண்ணெயைக் கொடுக்கிற மாஸ்டருக்கு அவர் கையில் பணம். எத்தனை டின் புதிதாக வாங்கினாரோ அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பழையது எடுப்பதில்லை. அப்போது பக்கிரி மாதிரி ஆட்கள் ஆயிரம் அப்பளம் பொரித்தாலும் உள்ளே நுழைய முடியாது. அண்டாவை நிறுத்திவிட்டேன். இப்போது பரிசு அளவுக்கு இல்லை, வாரம் தவறாமல் கொடுத்தால்தான். பத்து லிட்டர் கொடுக்கிற ஆயாக் கடைக்கும் அதே மரியாதை. எழிலரசி இதைக் கேட்டுவிட்டு, எங்கள் ஆபீசில் ஆறு மாதமாக இதற்குத்தான் கூட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம், பட்டறைச் சந்தில் அரை மணியில் முடித்துவிட்டீர்களே என்றாள். ஷாலினிக்கு முகம் சிவந்துவிட்டது. அளவுக்குப் பரிசு வைக்காதே என்று ஜூனிலேயே சொன்னேன் என்று இப்போது வாய்விட்டுச் சொல்லிக் காட்டுகிறாள். சொல்லட்டும்.

கொளஞ்சியப்பன் வாய் வார்த்தையில் முப்பத்தெட்டு மாஸ்டர்கள் சேர்ந்தார்கள். ஆவணிக் கடைசி முகூர்த்தங்கள் வேறு. இவர்களில் பாதிப் பேர் கல்யாணச் சமையலுக்குப் போகிறவர்கள், மண்டபத்துச் சட்டியும் வந்தது. ஆண்ட்ரூ அண்டாக்களை மீட்டு வந்த கையோடு இராப்பகல் பார்க்காமல் வண்டி ஓட்டினார். பதினாலாம் தேதி சாயங்காலம் இருநூறு கிலோ குறைந்தது. அப்போது பக்கிரி ஒரு லோடு ஆட்டோவோடு வந்து இறங்கினான். கிள்ளை மீன் வறுவல் கடைகளில் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்த்தது, சீட்டு சரியாக இருக்கிறது. மூடியைத் திறந்தேன். நெத்திலி வாசனை. "மோந்து பாத்துக்கக்கா, அப்பளமில்ல" என்று அவனே சொன்னான். எட்டு டன் நாற்பது கிலோ. மறுநாள் லாரி கிளம்பியபோது எழிலரசி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எண்ணெய்க் கை என்று இழுத்தேன், விடவில்லை.

அக்டோபரும் நவம்பரும் தானாகப் போயிற்று. புரட்டாசியில்கூடக் குறையவில்லை, மீன் படுத்தால் ஜாங்கிரி எழுந்துகொள்கிறது. போன புதன்கிழமை மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். பக்கிரிக்குக் கிள்ளைச் சேகரிப்பைக் கொடுத்துவிட்டேன். இந்தத் தொழிலில் எப்படியெல்லாம் ஏமாற்றலாம் என்று அவனுக்குத்தான் தெரியும், அவனை மீறி எவனும் ஏமாற்ற முடியாது. உங்கள் தம்பிக்குச் சிதம்பரம் வண்டி. இப்போது தினம் இங்கேதான் சாப்பாடு, அதுவும் இரண்டாம் முறை கேட்டு வாங்கி.

இனி காரியம். ஒப்பந்தம் என் பெயரில் இருக்கிறது. ஆனால் எண்ணெய் கொளஞ்சியப்பன் கையில் இருக்கிறது. அவர் போன வாரம் கூப்பிட்டு அனுப்பினார். மூன்று வருடம் தவறாமல் கொடுக்க மாஸ்டர்கள் தயாராம், ஒரு நிபந்தனையாம். வாராவாரம் சட்டியைப் பார்த்து, இந்த எண்ணெய் போதும் இறக்கு, இது இன்னும் தாங்கும் என்று சொல்ல அவர்கள் ஆள் ஒருவர் வேண்டுமாம். நான் எண்ணெய் சோதிக்கிற மீட்டர் வைத்திருக்கிறேன் என்றேன். மீட்டரா எங்கள் சட்டியில் முக்குவது என்று கையை ஓங்கிவிட்டார். "ஆரோக்கியம் மூக்குக்குக் கட்டுப்படுவோம். வேற எவன் சொன்னாலும் கேக்க மாட்டோம்" என்று முடித்துவிட்டார். ஆகவே இது என் ஆசை இல்லை, தொழில் நிபந்தனை. நீங்கள் வராவிட்டால் ஒப்பந்தம் நிற்காது. உங்களுக்குச் சம்பளம் கிடையாது, பாதிப் பங்கு. பெண்டாட்டியிடம் வேலை பார்க்கிறான் என்று எவனாவது சொன்னால், அவள் தொழிலை ஆரம்பித்ததே என் காசில்தான் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

அதுவும் உண்மைதான். பட்டறைச் சந்தில் நின்றபோது எனக்கு வேறொன்றும் விளங்கியது. கொளஞ்சியப்பனிடம், அந்தக் காலத்தில் இவரும் எண்ணெயை விற்றாரா என்று கேட்டேன். தினம் விற்றாராம். ஒரு வருடம் பீடி, டீ கூடக் குடிக்காமல் அந்தக் காசைச் சேர்த்து, ஏதோ வண்டிக்கு முன்பணம் கட்டினாராம். பதினாறு வருடத்துக்கு முன்னால், காலி டின் ஏற்ற டிவிஎஸ் ஐம்பது வாங்கியபோது நீங்கள் முன்பணத்தைக் கொண்டுவந்து வைத்தீர்கள். ஏது என்று கேட்டதற்கு ஏலச்சீட்டு விழுந்தது என்றீர்கள். நானும் நம்பி, யார் தயவும் இல்லை, என் கால் என் கை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய் சொல்வதில் பக்கிரிக்குக் குறைந்தவர் இல்லை நீங்கள். அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது ஷாலினி, ஏனம்மா சிரிக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் கவனிக்கவில்லை.

இரும்புக்காரர் நேற்றும் வந்தார். கேட்ட விலை தருகிறேன் என்றார். வண்டி விற்பனைக்கு இல்லை என்று இந்தத் தடவை நேராகவே சொல்லிவிட்டேன். இரண்டு டயரும் மாற்றி, பிளக் துடைத்து, காற்று அடித்து வைத்திருக்கிறேன். முதல் உதையில் கிளம்புகிறது. உங்கள் முட்டிக்கு அதற்கு மேல் தாங்காது.

கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அதிரசத்துக்கு மாவு இடித்தாயிற்று. சுடவில்லை. என் அதிரசம் எண்ணெய் குடிக்கும் என்று வருடா வருடம் போனில் சொல்வீர்கள். சுடுகிறவர் வந்து சுடட்டும்.

நாம் கொடுக்கிற எண்ணெய் எந்த விமானத்தில் போகும் என்று எழிலரசியைக் கேட்டேன். அப்பா ஏறுகிற விமானமாகப் பார்த்து அதில் ஊற்றச் சொல்லலாமே என்று ஷாலினிக்கு ஓர் ஆசை. அப்படியெல்லாம் பிரித்துச் சொல்ல முடியாதாம். எல்லாவற்றோடும் கலந்து எங்கேயோ எதிலோ போய்க்கொண்டிருக்குமாம். அதனால் நீங்கள் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். எது முதலில் கிளம்புகிறதோ அதில் ஏறி வாருங்கள்.

உங்கள்,
இன்னாசிமேரி

கார்த்திகேசனிடம் இந்தத் தடவை ஊறுகாய் கொடுக்கவில்லை.